கிறைஸ்ட்சேர்ச்சில் மூன்று நாட்கள், மிருசுவிலுக்கு ஒரு கையெழுத்து

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் மேல் நீதிமன்றம் 2020 ஓகஸ்ட் 27ஆம் திகதி வழங்கிய தண்டனை பற்றி எனக்குத் தெரிந்தவர்கள் பலர் கேட்ட முதல் கேள்வி, ஏன் தூக்கில் போடவில்லை என்பதுதான். 2019 மார்ச் 15ஆம் திகதி, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன் அவன். மேலும் 40 பேரைக் கொல்ல முயன்ற குற்றமும் பயங்கரவாதக் குற்றமும் அவன் மீது இருந்தன. சாகும்வரை சிறை, பரோலில் வெளியே வர வாய்ப்பே இல்லை என்று நீதிபதி கமரோன் மேண்டர் தீர்ப்பளித்தார். அந்த நாட்டின் வரலாற்றில் இப்படியொரு தண்டனை வழங்கப்பட்டது இதுவே முதல் தடவை. கொலைக்கான மரண தண்டனையை அங்கே 1961இலேயே ஒழித்துவிட்டார்கள். எனவே தூக்கு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்பை விட, அதற்கு முந்தைய மூன்று நாட்கள்தான் முக்கியமாகப் பட்டன. கொலையாளி ஏற்கனவே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். நிரூபிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒரே நாளில் தண்டனையை வாசித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் 24ஆம் திகதியிலிருந்து 26ஆம் திகதி வரை அந்த நீதிமன்றம் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையும் உயிர்தப்பியவர்களையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் 91 கூற்றுகள். தொடங்கும்போது பேச முன்வந்தவர்கள் அதைவிடக் குறைவு. மற்றவர்கள் பேசுவதைக் கேட்ட பிறகு, தாமும் பேசவேண்டும் என்று பலர் எழுந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே வெளிநாடுகளிலிருந்து வந்த உறவினர்கள் இரண்டு வாரம் தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டே நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள். வர முடியாதவர்களுக்கு இணையவழி ஏற்பாடு இருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். இடைவெளி விட்டு அமரவேண்டியிருந்ததால் கூடுதல் மண்டபங்கள் ஒதுக்கப்பட்டன.

அந்த 91 கூற்றுகளும் ஒரே குரலில் இருக்கவில்லை. மகனை இழந்த தாயொருவர் கொலையாளியை நேரே பார்த்து, உன்னை மன்னிக்கிறேன் என்றார். தந்தையை இழந்த மகனொருவர், உன்னை ஒருபோதும் மன்னிக்கப் போவதில்லை என்று சொல்லி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். கொல்லப்பட்டவர்களிலே மிகவும் சிறிய பிள்ளைக்கு வயது மூன்று. அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய கூற்று, உண்மையான நீதி உனக்கு மறுமையில் காத்திருக்கிறது என்றது. உயிர்தப்பிய ஒருவர், முஸ்லிம்களான எங்களைத்தான் இதுவரை பயங்கரவாதி என்றார்கள், இன்று அந்தப் பெயர் உனக்குரியதாகிவிட்டது என்று சொன்னபோது மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. தங்களுடைய தூக்கமின்மையைப் பற்றியும், தோட்டாத் துண்டுகள் இன்னும் உடம்பில் இருப்பதைப் பற்றியும், வேலை இழந்ததைப் பற்றியும் பேசியவர்கள் இருந்தார்கள். இப்படித்தான் துக்கப்படவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மன்னித்த தாய் உயர்ந்தவர், ஏசிய மகன் தாழ்ந்தவர் என்று தரம் பிரிக்கவும் இல்லை. நான்காம் நாள் நீதிபதி தண்டனையை வாசிக்கும்போது கொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவர் யார், அவர் இல்லாமல் அந்த வீடு என்னவாயிற்று என்று எடுத்துச் சொன்னார். அதற்கு நீண்ட நேரம் எடுத்தது.

கூண்டில் நின்றவனுக்கும் பேச உரிமை இருந்தது. தன்னுடைய வெள்ளை இனவெறிப் பிரசாரத்துக்கு நீதிமன்றத்தை மேடையாக்குவான் என்ற அச்சமும் இருந்தது. கடைசியில் அவன் எதுவும் கூற விரும்பவில்லை என்றுவிட்டான். வெளியே பொதுமக்கள் பூக்களோடு நின்றார்கள். குடும்பங்கள் வெளியே வந்தபோது கைதட்டி வரவேற்றார்கள். முழுமையான மௌனமே அவனுக்குரிய ஆயுள் தண்டனை என்ற பொருளில் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் பேசினார். அல் நூர் பள்ளிவாசலின் இமாம் கமால் ஃபவுதா, எந்தத் தண்டனையும் எங்கள் அன்புக்குரியவர்களைத் திருப்பித் தராது என்றார். சிறைச் செலவை எந்த நாடு ஏற்பது, அவனை அவுஸ்திரேலியாவுக்கே அனுப்பிவிடலாமா என்ற விவாதமும் அன்றே தொடங்கிவிட்டது. அரசியல்வாதிகள் எங்கும் அரசியல்வாதிகள்தான்.

இந்த வழக்கில் எங்களோடு தொடர்புடைய ஒரு திகதி இருக்கிறது. கிறைஸ்ட்சேர்ச் கொலையாளி குற்றத்தை ஒப்புக்கொண்டது 2020 மார்ச் 26ஆம் திகதி. நியூசிலாந்து முழுவதும் முடக்கத்துக்குள் போன முதல் நாள் அது. குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு வரமுடியாது என்பதால், அவர்களுடைய சார்பில் இரண்டு பள்ளிவாசல்களின் இமாம்களும் மண்டபத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள்.

அதே மார்ச் 26ஆம் திகதி, ஊரடங்கில் இருந்த இலங்கையில், மிருசுவில் படுகொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இராணுவச் சார்ஜண்ட் சுனில் ரத்நாயக்க ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெலிக்கடையிலிருந்து வெளியே வந்தார்.

மிருசுவில் வழக்கு இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2000 டிசம்பர் 19ஆம் திகதி, யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்தவர்களில் சிலர் தங்களுடைய வீடுவளவைப் பார்த்துவரவென்று மிருசுவிலுக்குப் போனார்கள். அவர்களைப் பிடித்த இராணுவத்தினர் எட்டுப் பேரைக் கழுத்தறுத்துக் கொன்று புதைத்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஐந்து வயதுச் சிறுவனும் இருந்தான். ஒருவர் காயங்களோடு தப்பி வந்து சொன்னதால்தான் விசயம் வெளியே வந்தது, புதைகுழி தோண்டப்பட்டது. அவர் தப்பியிராவிட்டால் அந்த எட்டுப் பேரும் இன்று காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். ஐந்து இராணுவத்தினர் மீது வழக்குத் தொடரப்பட்டது. கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் மன்று 2015 ஜூன் 25ஆம் திகதி சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது, மற்ற நால்வரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2019 ஏப்ரல் 25ஆம் திகதி அந்தத் தீர்ப்பை ஏகமனதாக உறுதிசெய்தார்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து நான்கே நாட்கள் கடந்திருந்தபடியால் அந்தச் செய்தி நாட்டில் அநேகம் பேருடைய காதில் விழவே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் எடுத்துவந்த இடத்திலிருந்து அந்த வழக்கைப் பதினொரு மாதங்களில் ஒரு கையெழுத்து இறக்கிவைத்தது.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளிலும் குடும்பங்களுக்கு இருந்த வேலை சாட்சி சொல்வது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக. எங்களுடைய நீதிமன்றங்களில் கொல்லப்பட்டவரின் தாய் சட்டத்தரணிகளுக்குப் பின்னால் உள்ள வாங்கில் இருப்பார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டதா முடிந்ததா என்பதை வெளியே வந்துதான் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். நீதிமன்றச் செய்தி எழுதப் போன நாட்களில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. எங்களுடைய தண்டனைச் சட்டக்கோவையின்படி கொலைக்குத் தண்டனை மரணம், வேறு தெரிவு நீதிபதிக்கு இல்லை. தெரிவு இல்லாத இடத்தில் யாருடைய கூற்றைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? எனவே தண்டனை வழங்கும் நாள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விளக்குகள் அணைக்கப்படும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீதிபதி வாசிப்பார். அதற்கு முன் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று குற்றவாளியிடம் மட்டும் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு தடவை எங்களுடைய வரலாற்றை மாற்றிய பதில் கிடைத்தது. 1998 ஜூலையில், கிருசாந்தி கொலை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட சோமரத்ன ராஜபக்‌ஷ, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கூண்டிலிருந்து சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 1996இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு முகாம் முகாமாக அலைந்த தாய்மார் என்ன சொன்னார்களோ அதைத்தான் அந்தக் கொலையாளியும் சொன்னார். தாய்மார் சொன்னபோது அது வெறும் முறைப்பாடாக இருந்தது.

பாதிக்கப்பட்டவர்களின் கூற்று எங்களுடைய சட்டத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், அதாவது குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம், அந்த உரிமையைத் தந்தது. குற்றவாளிக்குத் தண்டனை தீர்மானிக்கப்படும் முன், அந்தக் குற்றம் தன்னுடைய வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று நீதிமன்றுக்குச் சொல்லலாம் என்று அதில் இருந்தது. அதைவிட முக்கியமானது, குற்றவாளிக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்க யோசிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் கிடைக்கவேண்டும் என்றும் இருந்தது. மன்னிப்பு வழங்குபவரிடம் தன்னுடைய நிலையை, அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகாரசபை மூலம் அவர் சமர்ப்பிக்க முடிந்தது. மிருசுவில் தீர்ப்பு வந்தபோதே இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையும், மரண தண்டனைக் கைதியை மன்னிப்பதென்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்ட மா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு என்று படிப்படியாக ஒரு வழியை வைத்திருக்கிறது. சுனில் ரத்நாயக்கவை ஏன் விடுவிக்கவேண்டும் என்பதற்கு முறையான காரணம் எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தகவல் இல்லை.

தென்னிலங்கையின் எதிர்வினையை ஒரே கோடாகப் போட்டுவிடமுடியாது. சிறையிலிருக்கும் 'ரணவிருவோ'வை விடுவிப்போம் என்பது ஜனாதிபதித் தேர்தல் மேடைகளில் பேசப்பட்டது, அதற்கு வாக்கும் கிடைத்தது. மன்னிப்பை எதிர்த்துப் பேசிய சிங்களச் சட்டத்தரணிகளும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நாலு மாதங்களுக்கு முன்னர் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மைத்திரிபால சிறிசேன பதவியிலிருந்து போகிற நேரம், 2019 நவம்பரில், றோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளியை மன்னித்து வெளியே விட்டார். கொல்லப்பட்ட யுவதியின் சகோதரி தன்னுடைய வேதனையைப் பகிரங்கமாக எழுதினார். கொழும்பு கொதித்தது. ஒரு குடும்பத்தின் கூற்றுக்கு இந்த நாட்டில் என்ன வலிமை இருக்கமுடியும் என்பதை அன்று பார்த்தோம். கொதித்தவர்களில் அநேகர் மார்ச் 26இல் பேசவில்லை. மிருசுவிலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதமாட்டார் என்பது ஒரு காரணம். கொன்றவர் அணிந்திருந்த சீருடை பெரிய காரணம்.

எங்கள் பக்கத்து எதிர்வினையைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலைக்கு நீதி கேட்டு யாழ்ப்பாணம் எழுந்தது. நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் விழுந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை என்ற செய்தி வந்ததும் ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தூக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கு முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல். அதன் பிறகு மரண தண்டனை என்பது எத்தனை ஆண்டு என்று யாருக்கும் தெரியாத ஒரு சிறைவாசம், திறப்பு ஜனாதிபதியின் சட்டைப் பையில். கேட்பதற்கு உலகிலேயே கடுமையான தண்டனை. நடைமுறையில், தேர்தல் காற்று மாறினால் கழன்றுவிடும் தண்டனை. கிறைஸ்ட்சேர்ச் தீர்ப்பில் எங்களுக்கு மென்மையாகத் தெரிகிற ஆயுள் தண்டனையோ, இத்தனை ஆண்டுகளில் வெளியே வரலாம் என்ற கணக்குக்கே இடம் வைக்கவில்லை. 2015 ஜூனிலும் நாங்கள் தூக்கு என்ற சொல்லோடு திருப்திப்பட்டுவிட்டோம். விடுவிக்கப்பட்ட நால்வரைப் பற்றியோ, கட்டளைப் பொறுப்பைப் பற்றியோ, மன்னிப்புக் கோவை நகருமென்றால் குடும்பங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்பதைப் பற்றியோ அன்று எங்களுடைய அரசியல் தலைமைகள் போதியளவு குரல் கொடுக்கவில்லை.

நியூசிலாந்தைத் தூக்கித் தலையில் வைக்கவும் நான் தயாரில்லை. கிறைஸ்ட்சேர்ச் கொலையாளி அந்த அரசின் ஆள் அல்ல. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன், அரசே அவனைத் தன்னுடைய எதிரியாகக் கண்டது. அரசுடைய சொந்தப் படை மீது கேள்வி வரும்போதுதான் உண்மையான சோதனை. 2010 ஓகஸ்டில் நியூசிலாந்தின் விசேட படை ஆப்கானிஸ்தானில் நடத்திய 'ஒப்பரேஷன் பேர்னம்' என்ற நடவடிக்கை பற்றிய விசாரணை அறிக்கை, கிறைஸ்ட்சேர்ச் தண்டனைக்கு நாலு வாரங்களுக்கு முன்னர், ஜூலை 31ஆம் திகதி வெளியானது. ஒரு பிள்ளை கொல்லப்பட்டதை அது ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புப் படை அமைச்சர்களுக்கும் மக்களுக்கும் தவறான தகவல் கொடுத்து வந்தது என்றும் சொன்னது. அதே நேரம் நடவடிக்கை சட்டப்படியானது என்றும் முடித்தது. அந்தக் கிராமத்தவர்கள் விசாரணை நடக்கும் முறையில் நம்பிக்கை இழந்து முன்னரே விலகியிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று நாட்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் தன்னுடைய படை பொய் சொன்னது என்று ஒரு அரசு நியமித்த விசாரணையே அச்சிட்டு வெளியிட்டதை, எத்தனையோ ஆணைக்குழுக்களைக் கண்ட எங்களால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அரசு தன்னுடைய ஆட்களைப் பற்றிக் கேட்க மறுக்கிறது என்று சொல்லும்போது, நாங்கள் எங்களுடைய ஆட்களைப் பற்றி எவ்வளவு கேட்டோம் என்ற கேள்வியும் வரும். பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கிழக்கு மாகாணத்துக்குப் புதிதல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், சிறுவர்களும் உட்பட, கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள், புலிகள் மறுத்தார்கள். 2020 ஓகஸ்டோடு முப்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. இதுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் குடும்பங்கள் எழுந்து நின்று பேச ஒரு மண்டபத்தை அரசும் கொடுக்கவில்லை. தமிழர்களாகிய நாங்களும் அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கவில்லை. கிறைஸ்ட்சேர்ச் முஸ்லிம்களுக்காகக் கண் கலங்குவது எங்களுக்குச் சுலபம். மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடிக்கு பஸ்ஸில் சில நிமிடங்கள்தான். இதை எழுதுவதால் மிருசுவிலின் பாரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை.

ஓகஸ்ட் 30ஆம் திகதி, கிறைஸ்ட்சேர்ச் தீர்ப்பு வந்து மூன்றாம் நாள், சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் படங்களோடு வீதிக்கு வந்தார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் அப்போது மூன்றரை ஆண்டுகளைக் கடந்திருந்தது. அவர்கள் அழுதால் கமரா வருகிறது. கோபப்பட்டால், யாரோ பின்னாலிருந்து இயக்குகிறார்கள் என்கிறார்கள். நட்டஈடு பற்றி ஒருவர் வாயைத் திறந்தால், பிள்ளையை விற்றுவிட்டார் என்று எங்களுடைய ஆட்களே சொல்லுகிறார்கள். கிறைஸ்ட்சேர்ச்சில் மன்னித்த தாய்க்கும் ஏசிய மகனுக்கும் கிடைத்த அந்தச் சுதந்திரத்தை நாங்கள் எங்களுடைய தாய்மாருக்குக் கொடுப்பதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. அவர்கள் சொல்வதை முழுமையாக, அவர்களுடைய சொல்லிலேயே, திகதியிட்டு, கையொப்பத்தோடு பதிவுசெய்து வைப்பதும் இன்றே தொடங்கக்கூடிய வேலை. சாட்சிகள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சுனில் ரத்நாயக்கவுக்கு வழங்கப்பட்ட மன்னிப்பைக் கேள்விக்குட்படுத்தி உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாகியிருக்கின்றன. ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதைப் பற்றித்தான் அங்கே அதிகம் வாதாடப்படும். 2015ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பங்களுக்குத் தந்த அறிவித்தல் உரிமை என்னவாயிற்று என்ற கேள்வியும் அதே அளவு அழுத்தத்தோடு முன்வைக்கப்படவேண்டும். அந்த எட்டுப் பேருடைய வீட்டாரும் இத்தனை ஆண்டுகளில் தங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதி அந்த மன்றின் முன் வைக்க, அவர்களுடைய மொழியில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கக்கூடிய சட்டத்தரணிகள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள்.